ரீச்சரிடம் கேளுங்கள்: பெரிய சொல்லும் பொருந்தும் சொல்லும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. ஓரளவு இங்கிலிஷ் தெரியும், அன்றாடம் சமாளிக்கலாம், அதற்கு மேலே எப்படிப் போவது? மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு முழு இடத்தையும் இதற்கே கொடுக்கிறேன்.

உப்புவெளி வாசகி: ரீச்சர், ஏ.எல் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஆயிரம் உயர்தர ஆங்கிலச் சொற்கள், தமிழ் அர்த்தத்துடன் என்று ஒரு புத்தகம் வாங்கி நாளுக்கு இருபது சொல் பாடமாக்குகிறேன். இரண்டு கிழமை போன பிறகு பார்த்தால் முதல் நாள் படித்ததில் மூன்று சொல்கூட ஞாபகத்தில் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. கோணேசர் கோயிலைப் பற்றி ஒரு கட்டுரையில் 'நொற்றோரியஸ்' என்று எழுதினேன், ரியூசன் சேர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு "கோயிலையா திட்டுகிறாய்?" என்று கேட்க வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் 'பேர்போன' என்றுதான் இருந்தது. எங்கே பிழைத்தது?

பதில்: மகள், உங்கள் முயற்சியில் ஒரு குறையும் இல்லை, அந்தப் புத்தகம் சொல்லித்தரும் முறைதான் பிழை. தமிழில் 'பேர்போன' நல்லதுக்கும் வரும் கெட்டதுக்கும் வரும். மாம்பழத்துக்குப் பேர்போன ஊர் என்போம், களவுக்குப் பேர்போன ஆள் என்றும் சொல்வோம். இங்கிலிஷில் அதற்கு இரண்டு தனிச் சொல். நல்ல பேருக்கு 'ஃபேமஸ்', கெட்ட பேருக்கு 'நொற்றோரியஸ்'. ஒரு சொல்லுக்கு எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவைத்த புத்தகம் இந்த வித்தியாசத்தை எங்கே காட்டப்போகிறது? இனி அந்த வகுப்பில் யாரும் அந்தச் சொல்லைப் பிழையாகப் போடமாட்டார்கள், நீங்களும்தான், அதனால் அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அர்த்தம் தெரிந்தால் சொல் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் தமிழ் எப்படி நடக்கிறது என்று ஒருநாள் காதுகொடுத்துக் கேளுங்கள். மரத்தைத் தறிக்கிறோம், மீனை வெட்டுகிறோம், வெங்காயத்தை அரிகிறோம், வயலில் நடப்பது வேளாண்மை வெட்டு. வெங்காயத்தைத் தறித்துத் தா என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் நீங்களே திரும்பிப் பார்ப்பீர்கள். இங்கிலிஷ்காரருக்கு இதில் பாதி 'கட்' என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும். அதேமாதிரி அவர்களிடமும் சொற்கள் சோடி சேர்ந்துதான் நடக்கும். சாயம் கூடின தேத்தண்ணி 'ஸ்ட்ரோங் ரீ'. 'ஸ்ட்ரோங்', 'பவர்ஃபுல்' இரண்டுக்கும் நம் அகராதியில் வலிமையான என்றுதான் இருக்கும், ஆனால் 'பவர்ஃபுல் ரீ' என்று யாரும் சொல்வதில்லை, அது படகு எஞ்சினுக்குப் பொருந்துகிற சொல். மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ரோங்'. காரணம் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது, வெங்காயத்தை ஏன் அரிகிறோம் என்று நமக்குத் தெரியாத மாதிரி. இந்தச் சோடியைத்தான் 'கொலொகேஷன்' என்கிறார்கள். ஓரளவு இங்கிலிஷ் தெரிந்தவரை நல்ல இங்கிலிஷ் தெரிந்தவரிடமிருந்து பிரிப்பது பெரும்பாலும் இதுதான், புதுச் சொற்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகு.

இப்போது மறதிக்கு வருவோம். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கித் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே போய்விடுகிறது, அதற்குப் பிறகு மிஞ்சுவது மெதுவாகத்தான் கரைகிறது. ஆகவே உங்கள் மூளை மற்ற எல்லாருடைய மூளையும் செய்வதைத்தான் செய்கிறது. இருபதை ஐந்தாகக் குறையுங்கள், ஆனால் அந்த ஐந்தையும் மறக்கப்போகிற நேரத்தில் திரும்பப் பிடியுங்கள்.

அதற்கு நான் வீட்டில் வைத்திருப்பது ஒரு பிஸ்கற் பேணி. பிறிஸ்டல் போட்டைத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி ஒரு துண்டுக்கு ஒரு சொல். பேணிக்குள் மட்டை வைத்து நாலு அறையாகப் பிரித்திருக்கிறேன். புதுச் சொல் முதல் அறையில், அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறைக்குப் போகும், அது மூன்று நாளுக்கு ஒருமுறை. பிறகு கிழமைக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை. எந்த அறையில் பிழைத்தாலும் திரும்ப முதல் அறைதான். இந்தப் பெட்டி முறையை லைற்னர் என்பவர் 1972இல் எழுதிய நூல் பரப்பியது. கைபேசிச் செயலிகளும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கின்றன, விருப்பமானதைப் பாவியுங்கள், ஆனால் சீட்டைக் கையால் எழுதும்போது எனக்கு மனதில் நன்றாக நிற்கிறது.

சீட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ரிலக்டன்ட்' என்ற சொல்லை எடுப்போம். உங்கள் புத்தகத்தில் 'விருப்பமற்ற' என்று போட்டிருக்கும், அது அரைகுறை. விருப்பமே இல்லாதவர் மறுத்துவிடுவார், 'ரிலக்டன்ட்' ஆனவர் தயங்கித் தயங்கிக் கடைசியில் பெரும்பாலும் செய்துவிடுவார். ஆகவே சீட்டின் பின்பக்கத்தில் 'அரைமனதோடு' என்று எழுதுங்கள், அது அச்சாகப் பொருந்தும். அதற்குக் கீழே, இந்தச் சொல்லுக்குப் பிறகு 'ரு' (to) வந்து வினைச்சொல் வரும் என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே இதன் குடும்பம்: 'ரிலக்டன்ஸ்', 'ரிலக்டன்ட்லி'. கடைசியாக உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வசனம். கொழும்புக்குத் தனியாகப் போக அம்மா அரைமனதோடு விட்டார் என்று நடந்திருந்தால் அதையே இங்கிலிஷில் எழுதுங்கள். மற்றவர் எழுதிய வசனம் ஒட்டாது, அம்மாவின் முகம் ஞாபகம் வருகிற வசனம் ஒட்டும்.

அந்த ஆயிரம் சொல் புத்தகத்தை இப்போதைக்கு மூடிவையுங்கள். பல்கலைக்கழகம் போகும் எண்ணம் இருந்தால் எவ்ரில் கொக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலை எடுங்கள். 570 சொற்குடும்பங்கள்தான். பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்துவீதம் இதற்குள் அடங்கும் என்பது அவருடைய கணக்கு. 'அனலைஸ்', 'அசியூம்', 'சிக்னிஃபிக்கன்ட்', 'சப்சிகுவென்ட்' மாதிரிச் சொற்கள். விஞ்ஞானம் படித்தாலும் வணிகம் படித்தாலும் முதல் வருடமே இவை வந்து நிற்கும்.

கிண்ணியா வாசகர்: நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை செய்கிறேன். வெள்ளைக்காரரோடு பேசுவதில் பிரச்சினை இல்லை. ஆனால் முறைப்பாட்டு ஈமெயிலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் சின்னப்பிள்ளை எழுதின மாதிரி இருக்கிறது. பெரிய சொற்கள் போட்டு எழுதினால் மனேஜர் அடித்துத் திருத்துகிறார். போன கிழமை 'த ஏசி இஸ் ஸ்பொயில்ட்' என்று எழுதினேன், அதுவும் பிழையாம்.

பதில்: தம்பி, ஏசி விஷயத்தை முதலில் முடிப்போம். நமக்கு மீனும் பழுதாகும், மோட்டரும் பழுதாகும், ஒரே சொல். அதை அப்படியே தூக்கி இங்கிலிஷில் வைத்தால் 'ஸ்பொயில்ட்' வந்துவிடுகிறது, இலங்கை முழுக்க எல்லாரும் சொல்லுகிற சொல்தான். ஆனால் வெளிநாட்டவருக்கு சாப்பாடுதான் 'ஸ்பொயில்' ஆகும், செல்லம் கொடுத்த பிள்ளையும் ஆகும். இயந்திரம் 'ஃபோல்ற்றி' அல்லது 'அவுட் ஒஃப் ஓடர்', சும்மா 'நொட் வேக்கிங்' என்றாலும் ஒரு குறையும் இல்லை. இதே வழியில் வருகிற இன்னும் இரண்டு: மருந்து குடிக்கிறோம் என்பதற்காக அங்கே 'டிறிங்க்' போடக் கூடாது, 'ரேக்'. கனவு கண்டேன் என்பதற்கு 'சோ' (saw) வராது, 'ஹாட்' (had). தமிழில் யோசித்து வரும் சொற்களை ஒரு கொப்பியில் தனியாகக் குறித்து வையுங்கள், ஒரு மாதத்தில் உங்கள் பிழைகளில் பாதி அந்தக் கொப்பிக்குள் வந்துவிடும்.

பெரிய சொல்லை மனேஜர் ஏன் அடிக்கிறார் என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நடந்தது, தேவாலயத்திலும் படிப்பிலும் லத்தீன், குடிசையில் பழைய இங்கிலிஷ். அதனால்தான் இன்றைக்கும் ஒரே விஷயத்துக்கு வீட்டுச் சொல் ஒன்றும் கந்தோர்ச் சொல் ஒன்றும் இருக்கின்றன: 'ஆஸ்க்' இருக்க 'இன்குவயர்', 'பிகின்' இருக்க 'கொமென்ஸ்', 'ரெல்' இருக்க 'இன்ஃபோம்'. நமக்கு இது புதிதில்லை. கலியாண வீட்டுக்குப் போகிறோம், அழைப்பிதழில் திருமணம், பதிவாளர் கந்தோரில் விவாகப் பதிவு. விவாக வீட்டுக்குப் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் ஈமெயிலில் எல்லாவற்றையும் கந்தோர்ச் சொல்லாகப் போட்டால் வாசிக்கிறவருக்கு அந்த மாதிரித்தான் கேட்கும்.

முறைப்பாட்டுக்குப் பதில் எழுதும்போது இரண்டு மூன்று இடம் மட்டும் உயர்ந்தால் போதும். 'சொறி' என்பதை 'அப்பொலஜைஸ்' ஆக்குங்கள், பின்னால் 'ஃபோ' வர வேண்டும். 'ஃபிக்ஸ்' என்பது பேச்சு, 'ரிப்பெயர்' எழுத்து. 'லுக் இன்ரூ' என்று பேசுவதை 'இன்வெஸ்றிகேற்' என்று எழுதலாம், ஆனால் துவாய் காணவில்லை என்று எழுதின விருந்தினருக்கு அந்தச் சொல்லைப் போட்டால் பொலிஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும், அங்கே 'செக்' போதும். சொல்லின் உயரம் விஷயத்தின் உயரத்தோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் ஹோட்டலுக்கு வருகிற ஈமெயில்களில் நன்றாக எழுதப்பட்ட ஐந்தைத் தேர்ந்தெடுத்து அந்த ஆள் எந்த இடத்தில் எந்தச் சொல் போட்டார் என்று கோடு போட்டுப் பாருங்கள், உங்கள் தொழிலுக்கு அதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது.

மூதூர் வாசகர்: மகள் பத்தாம் வகுப்பு. ஆங்கிலம்-தமிழ் அகராதி போதுமா, இங்கிலிஷ்-இங்கிலிஷ் வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டும், வேலை வேறு. அவசரத்துக்குத் தமிழ் அகராதி, சொல்லைப் பழகுவதற்கு மாணவர் அகராதி. ஏ.எஸ். ஹோன்பி என்பவர் ஜப்பானில் இங்கிலிஷ் படிப்பித்தபோது அங்குள்ள மாணவர்களுக்காகத் தயாரித்து 1942இல் ரோக்கியோவில் வந்த அகராதியைத்தான் ஒக்ஸ்ஃபோட் 1948இல் எடுத்து வெளியிட்டது, இன்றைக்குக் கடைகளில் இருக்கும் ஒக்ஸ்ஃபோட் அட்வான்ஸ்ட் லேனர்ஸ் அதன் வழி வந்தது. 1978இல் வந்த லோங்மன் அகராதி ஏறக்குறைய 2,000 எளிய சொற்களை மட்டுமே வைத்து மற்ற எல்லாச் சொற்களையும் விளக்குகிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது விளங்கும். இரண்டுமே இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன, காசு கட்டாயமில்லை. அர்த்தத்தோடு நிறுத்தாமல் கீழே இருக்கும் உதாரண வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். தமிழிலிருந்து இங்கிலிஷுக்குப் போவதற்கு, யாழ்ப்பாணத்தில் பல வருடம் இருந்த அமெரிக்க மிஷனரி வின்சுலோ 1862இல் சென்னையில் வெளியிட்ட அகராதி இருக்கிறது. அதில் 67,000க்கு மேல் சொற்கள். இங்கிலிஷ் கொஞ்சம் பழசு, ஆனால் நம் சொல்லுக்குள் எத்தனை அர்த்தம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கும்.

தம்பலகாமம் வாசகி: நாவலோ பத்திரிகையோ அகராதி இல்லாமல் வாசிக்க எத்தனை சொல் தெரிய வேண்டும்? வீட்டில் இங்கிலிஷ் பத்திரிகை வாங்க வசதியில்லை, சொற்களை எங்கே தேடுவது?

பதில்: போல் நேஷன் என்ற மொழியியலாளர் 2006இல் போட்ட கணக்கின்படி, நூறு சொல்லில் இரண்டு மட்டும் தெரியாத நிலையில் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பம் வேண்டும், பேச்சை அதே அளவுக்கு விளங்க 6,000 முதல் 7,000. 'டிசைட்', 'டிசிஷன்', 'டிசைசிவ்' எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம். எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், ஆனால் ஓ.எல் முடித்தவர் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை, ஒரு பகுதி ஏற்கனவே கையில் இருக்கிறது.

தேடும் இடத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஆசை அதிகம். நம் நாட்டில் ஒரு வசதி இருக்கிறது, நாம் கவனிப்பதே இல்லை: வங்கிப் படிவம், பிரதேச செயலகத்து அறிவித்தல், வர்த்தமானி, சட்டங்கள் என்று நிறைய விஷயம் மூன்று மொழியிலும் கிடைக்கிறது. வங்கியில் இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில் படிவத்தைப் பாருங்கள், விண்ணப்பதாரி 'அப்ளிக்கன்ற்', பயனாளி 'பெனிஃபிஷியறி'. அடுத்தது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு. மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகள், தமிழிலும் இங்கிலிஷிலும் இணையத்தில் இருக்கிறது. 12ஆம் உறுப்புரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தமிழில் 'உரித்துடைய' என்று வரும் இடத்தில் இங்கிலிஷில் 'என்ரைற்றில்ட்' வரும், பின்னால் 'ரு' வருவதையும் பாருங்கள். அதே சொல் இன்றைய பேச்சில், எல்லாம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற ஆளையும் குறிக்கும். ஒரு பந்தியை இப்படி வாசித்தால் ஐந்தாறு நல்ல சொல் கிடைக்கும், உங்கள் உரிமையும் தெரியும், அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கதை வேண்டுமென்றால் நகரத்துப் பொது நூலகத்துக்குப் போய் உங்கள் தரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் புத்தகத்தை எடுங்கள். ஒரு பக்கத்தில் பத்துச் சொல் தெரியவில்லை என்றால் திருப்பி வைத்துவிடுங்கள், அதற்குள் கதை செத்துவிடும்.

சீனக்குடா வாசகர்: லத்தீன், கிரேக்க வேர்களைப் படித்தால் ஆயிரக்கணக்கான சொல் தானாக விளங்கும் என்கிறார்களே?

பதில்: உதவும், ஆனால் தானாக இல்லை. 'ஸ்பெக்ற்' என்றால் பார்ப்பது என்று தெரிந்தால் 'இன்ஸ்பெக்ற்', 'ரெட்ரொஸ்பெக்ற்', 'சேகம்ஸ்பெக்ற்' மூன்றும் ஞாபகத்தில் நிற்கும், கடைசிச் சொல் நாலு பக்கமும் பார்த்து நடக்கிறவர். ஏற்கனவே படித்த சொல்லை ஞாபகம் வைக்க வேர் நல்லது, தெரியாத சொல்லை ஊகிக்க அதை நம்பினால் ஏமாற்றும். 'எக்ஸ்போர்ட்', 'ரான்ஸ்போர்ட்' இரண்டிலும் 'போர்ட்' சுமப்பது, நம் துறைமுகத்து 'போர்ட்' லத்தீனில் வேறு சொல். இதைவிட ஆபத்தானது ஒன்று உங்கள் ஊர் வழியாகவே தினமும் போகிறது. எண்ணெய்க் குதங்களிலிருந்து வரும் பவுசர் மாதிரி வாகனங்களில் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருந்தால், 'இன்' எதிர்மறை என்று நினைத்துத் தீப்பற்றாது என்று கருதிவிடாதீர்கள். இலகுவில் தீப்பற்றும் என்பதுதான் அர்த்தம், 'ஃபிளேமபிள்' என்றாலும் அதேதான். 'இன்வல்யூவபிள்' கூட அப்படி, விலைமதிக்க முடியாதது, பெறுமதி இல்லாதது அல்ல.

சாம்பல்தீவு மாணவி: 'செரெண்டிப்பிற்றி' நம் நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல்லா?

பதில்: ஆம் மகள். பாரசீகரும் அரபிகளும் இலங்கையை செரண்டிப் என்று அழைத்தார்கள். செரண்டிப்பின் மூன்று இளவரசர் என்ற கதையை வைத்து ஹோரஸ் வோல்போல் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1754இல் ஒரு கடிதத்தில் இந்தச் சொல்லை உருவாக்கினார். தேடாமலே நல்லது ஒன்று கையில் கிடைப்பது. லொத்தர் விழுவதற்கு வராது, ஒன்றைத் தேடப்போய் வேறொன்றைக் கண்டுபிடிப்பதற்குத்தான் வரும். நம் கட்டுமரமும் சுருட்டும் இங்கிலிஷில் இருக்கின்றன, 'கற்றமரான்', 'செரூட்'. அகராதியில் தேடிப் பாருங்கள், சொல் பிறந்த இடமாகத் தமிழைக் காட்டியிருக்கும்.

திருகோணமலை நகர் வாசகி: கடையில் வேலை. புதிதாகப் படித்த சொல்லைப் பேச்சில் போட்டால் கூட்டாளிகள் "பெரிய ஆள் ஆகிட்டா" என்று நக்கல் அடிக்கிறார்கள். பேசவே பயமாக இருக்கிறது.

பதில்: இது எனக்கு மிகவும் கவலை தருகிற கடிதம். சிங்களத்தில் இங்கிலிஷுக்குக் 'கடுவ' என்று ஒரு பட்டப்பெயர், வாள் என்று அர்த்தம், எத்தனை பேரை அது வெட்டியிருந்தால் அந்தப் பெயர் வந்திருக்கும்! உங்கள் கூட்டாளிகளுக்கும் அந்த வெட்டுப் பட்டிருக்கும், அவர்களைக் கோபிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் நிறுத்தவும் வேண்டாம். படிக்க விருப்பமுள்ள ஒரே ஒருவரைப் பிடியுங்கள், பின்னேரம் டச் பே கடற்கரையில் அரைமணித்தியாலம் நடங்கள், அந்தக் கிழமைச் சீட்டில் இருக்கும் ஐந்து சொல்லையும் ஆளுக்கு ஒருமுறை பேச்சில் கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தம் வையுங்கள். அங்கே நாலைந்து தடவை வாயில் வந்த சொல் கடையில் தானாக வரும், வலிந்து போட்டது மாதிரித் தெரியாது.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். நாம் பெரும்பாலான சொற்களைக் கண்ணால் படிக்கிறோம், காதால் கேட்பதில்லை. நுட்பமான என்று பொருள்படும் 'சட்டில்' (subtle) என்ற சொல்லில் 'பி' (b) எழுத்து இருக்கும், ஒலிக்காது. பற்றுச்சீட்டுக்கு 'ரிசீற்' (receipt), அதில் 'பீ' (p) ஒலிக்காது, கடையில் நாளுக்கு நூறு தடவை சொல்லும் சொல் அது. 'டிவெலப்' என்பதில் நடுவில் இருக்கும் 'வெ' தான் அழுத்தம். இணைய அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கிப் படம் இருக்கும், அதை அமத்தி மூன்று தரம் கேட்டுவிட்டு, பிறகு சொல்லுங்கள்.